ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் என்பவர்களுக்கு: பெண்கள் எழுதிய குடும்பக் கதைகளை யாரிடமிருந்து தொடங்கலாம்?

"பெண்கள் எழுதின நாவலா இருக்கணும், குடும்பக் கதையா இருக்கணும், ஒரே ஒரு எழுத்தாளர் பேரு சொல்லுங்க." ஜனவரி புத்தகக் காட்சி நெருங்க நெருங்க இந்தக் கேள்வி அதிகம் காதில் விழும். பணி ஓய்வு பெற்ற அம்மாவுக்கு வாங்கித் தர நினைப்பவர் கேட்பார். சீரியல் பார்த்துச் சலித்தவர் கேட்பார். பள்ளிக்கூடத்தோடு தமிழ்ப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, முப்பது வயதில் மறுபடி திறக்கப் பார்ப்பவரும் கேட்பார். 'அது அவரவர் ரசனை' என்று சொல்லி நழுவலாம்தான். ஆனால் கேட்டவர் கடையில் நின்றுகொண்டிருக்கிறார், கையில் இருப்பது ஒரு புத்தகத்துக்கான பணம். அவருக்கு ஒரு பதில் வேண்டும்.

ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வது சுலபம். எழுத்தாளரைச் சிபாரிசு செய்தால் அவருடைய அடுத்த ஐந்தாறு புத்தகங்களுக்கும் சேர்த்து ஜாமீன் கொடுக்கிறோம். முதல் புத்தகம் பிடித்துப்போனவர் இரண்டாவதை வாங்கி ஏமாந்தால் நம்மைத்தான் திட்டுவார். அதனால் இங்கே ஒவ்வொருவரையும் அவருடைய மிகச் சிறந்த நாவலை மட்டும் வைத்து எடைபோடவில்லை. ரமணிசந்திரன், சிவசங்கரி, ராஜம் கிருஷ்ணன், அம்பை, சல்மா, சு. தமிழ்ச்செல்வி ஆகிய ஆறு பேரை எடுத்துக்கொண்டேன். ஒருவரைப் படிப்பவர் மற்றவரைத் தொடுவதே இல்லை என்கிற அளவுக்கு இவர்களின் வாசகர்கள் தனித்தனிக் கூட்டம். கேட்பவர் எந்தக் கூட்டம் என்று தெரியாமல்தான் பெரும்பாலான சிபாரிசுகள் தவறிப்போகின்றன.

## எதை வைத்துப் பார்ப்பது

முதலில் பார்க்க வேண்டியது, குடும்பம் கதைக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்பது. 'குடும்ப நாவல்' என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே போனால் ஒரு காதல் ஜோடியும் அவர்களுக்குக் குறுக்கே நிற்கும் ஒரு அத்தையும்தான் இருப்பார்கள். பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை நகர்வதும், சொத்தும் சமையலும் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளும் இருப்பதும் வேறு வகை.

இரண்டாவது, மொழி. வட்டார வழக்கு சிலருக்கு விருந்து, சிலருக்கு முள். மூன்றாவது, நான் மேலே சொன்ன ஜாமீன் விஷயம்: இவரிடம் இரண்டாவதாக எதைப் படிப்பது, அது முதல் புத்தகத்துக்கு ஈடுகொடுக்குமா. நான்காவது, புத்தகம் கையில் கிடைக்குமா. தமிழில் இது சின்னக் கேள்வி இல்லை. நல்ல நாவல் பத்து வருஷம் அச்சில் இல்லாமல் கிடப்பது இங்கே சர்வ சாதாரணம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் முக்கியமானது: படித்து முடித்த ராத்திரி தூக்கம் வருமா? உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவருக்கும், சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவருக்கும் இலக்கியத் தரத்தைவிட இதுதான் முதல் கேள்வி.

## ரமணிசந்திரன்

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். வாடகை நூலகங்களில் முனை மழுங்கி, முதுகு ஒட்டப்பட்டு, நடுவில் யாரோ வைத்த பஸ் டிக்கெட்டோடு இருக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் இவருடையவை. ஒரு நாவலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். வசதியான, கோபக்கார நாயகன். தன்மானம் விடாத நாயகி. ஒரு தப்பான புரிதல். நடுவில் ஒரு சித்தியோ அண்ணியோ. கடைசி இருபது பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும். சரியாகும் என்று தெரிந்தேதான் வாசகி புத்தகத்தை எடுக்கிறாள்.

இவரை ஏளனமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகவே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இவருடைய தமிழ் சுத்தமானது, தடங்கல் இல்லாதது, வட்டார முடிச்சு கிடையாது. பல வருஷம் தமிழ் படிக்காதவர் வாசிப்பு வேகத்தைத் திரும்பப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் நேரத்துக்கும், இரவு ரயிலுக்கும், மனசு கனத்துப்போன வாரங்களுக்கும் இவர் பொருத்தம்.

இதற்கு ஒரு விலை உண்டு. நாலைந்து நாவல் தாண்டியதும் நாயகனின் கோபம் எந்த அத்தியாயத்தில் மன்னிக்கப்படும் என்று வாசகிக்கே தெரிந்துவிடும். அந்தக் கோபம் ஏன் எப்போதும் மன்னிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி கதைக்குள் எழாது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இவரை மட்டுமே வாங்கித் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தலைமுறைக் கதை தேடுபவருக்கும் இவர் ஆகமாட்டார். இங்கே குடும்பம் பின்னணியில் தொங்கும் திரைதான், மேடையில் இருப்பது இரண்டு பேர்.

## சிவசங்கரி

1970களிலும் 80களிலும் வாரப் பத்திரிகை வாசித்த வீடுகளில் இவர் பெயர் தெரியாதவர் கிடையாது. அந்த வீடுகளின் பரணில் தேடினால் இன்றும் கிடைக்கும்: தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு பைண்டிங் செய்த தொகுப்பு. ஓரத்தில் பாதி ஜோக், பின்பக்கத்தில் ஊறுகாய் விளம்பரம், நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். அப்படி அதிகம் பைண்டிங் ஆனவர்களில் சிவசங்கரி முன்வரிசை.

குடும்பத் தலைமுறைக் கதைதான் வேண்டும் என்றால் நேராக 'பாலங்கள்' நாவலுக்குப் போய்விடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1980கள் வரை மூன்று காலகட்டங்கள், மூன்று தலைமுறைப் பெண்கள். ஒரு தலைமுறையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காமல் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார். குழந்தைக் கல்யாணம் நடந்த வீட்டையும், பெண் வேலைக்குப் போகும் வீட்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் பார்க்கும்போது, எது மாறியது, எது உடையை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே இருக்கிறது என்பதை அவர் சொல்லாமலே நாம் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறோம். கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைப்பேறு, சாவு ஆகியவற்றின் சடங்கு விவரங்கள் அவ்வளவு துல்லியம். இப்போது அவற்றை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு இது தனி ருசி.

சிக்கல் இரண்டாவது புத்தகத்தில் வருகிறது. 'பாலங்கள்' மாதிரி இன்னொன்று என்று கேட்டால் அவரிடம் கிடையாது. குடிப்பழக்கத்தைப் பற்றிய 'ஒரு மனிதனின் கதை', போதைப்பொருளைப் பற்றிய 'அவன்', வெளிநாட்டு மாப்பிள்ளை மோசடியைப் பற்றிய '47 நாட்கள்' (கே. பாலசந்தர் 1981இல் படமாக எடுத்தது) என்று ஒவ்வொன்றும் ஒரு சமூகப் பிரச்சினையைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் எழுத்தாளர் நம் பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொல்வது அவ்வப்போது கேட்கும். அவர் காட்டும் வீடுகளும் பெரும்பாலும் நகரத்து, படித்த, வசதியுள்ள வீடுகள். அதற்கு வெளியே இருந்து வரும் வாசகருக்கு, நாம் அந்த வீட்டின் கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு போகாது.

அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் வாங்க வேண்டும், இருவரும் படித்துவிட்டுப் பேச வேண்டும் என்றால் என் ஓட்டு 'பாலங்கள்' நாவலுக்குத்தான். அதை முடித்து அவரைப் பிடித்துப்போனவர், நாவலை விட்டு 'சூர்ய வம்சம்' என்ற நினைவலைகளுக்குப் போகலாம். 2022க்கான சரஸ்வதி சம்மான் விருது அதற்குத்தான் கிடைத்தது.

## ராஜம் கிருஷ்ணனும் சு. தமிழ்ச்செல்வியும்: ஒரே உப்பு, இரண்டு நாவல்

இவர்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட அக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு பேரும் உப்பளத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வந்தது. சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' வேதாரண்யம் பக்கத்துக் கதை, 2002இல் வந்தது.

ராஜம் கிருஷ்ணன் வெளியிலிருந்து போனவர். ஒரு தொழிலைப் பற்றி எழுத வேண்டுமானால் அந்த ஊருக்குப் போய், அந்த மக்களோடு தங்கி, கேட்டு, பார்த்துவிட்டு வந்து எழுதுவது அவர் முறை. அதனால் 'கரிப்பு மணிகள்' நாவலில் பொன்னாச்சி அளத்துக்கு வேலைக்குப் போகும்போது நாமும் அவளோடு சேர்ந்து முதல் முறையாக அதைப் பார்க்கிறோம்: பாத்தி, வெயில், காலை அரிக்கும் உப்புநீர், கூலி, கங்காணி, சங்கம். வேலை எப்படி நடக்கிறது, லாபம் யாருக்குப் போகிறது என்று புரிந்துவிடுகிறது. பிரச்சினை என்னவென்றால், சில இடங்களில் பாத்திரங்கள் நமக்குப் புரியவைப்பதற்காகவே பேசுகிறார்கள்.

தமிழ்ச்செல்வி திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். அவருக்கு எதையும் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. 'அளம்' நாவலில் சுந்தராம்பாளின் புருஷன் கப்பலேறிப் போய்விடுகிறான். வடிவாம்பாள், ராசாம்பாள், அஞ்சம்மாள் என்று மூன்று பெண் குழந்தைகள். உப்புப் பூத்த நிலம், புயல், பஞ்சம், பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் பாடு. அவ்வளவுதான் கதை. முதலாளி யார், சந்தை எங்கே என்றெல்லாம் நாவல் நின்று பேசாது. ஆண் இல்லாத ஒரு வீடு அன்றன்றைக்கு எப்படி அடுப்பு மூட்டுகிறது என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே போகிறது. அந்த வீட்டில் தாய்க்கும் பெண்களுக்கும் நடுவே பாசம் வார்த்தையாக வருவதே அபூர்வம். யார் எதை எடுத்துவந்தார்கள், யாருக்கு எவ்வளவு வைத்தார்கள் என்பதில்தான் அது தெரியும். குடும்பக் கதை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் சமகாலத் தமிழில் அதிகம் இல்லை என்பேன்.

இதே இருவரை 'இரண்டாவது புத்தகம்' என்ற அளவுகோலில் வைத்தால் இருவருமே ஜெயிக்கிறார்கள், வேறு வேறு விதமாக.

ராஜம் கிருஷ்ணனிடம் ஒரு நாட்டையே சுற்றிவரலாம். 'குறிஞ்சித் தேன்' நீலகிரிப் படுகர் வாழ்க்கை. மின்துறைப் பொறியாளரான கணவரோடு அந்த மலையில் வசித்த காலம் அதற்கு அடித்தளம். ஜோகி சிறுவனாக இருப்பதில் தொடங்கி, குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டு வருஷக் கணக்கில் காலம் நகர்ந்து, தானியம் விளைந்த நிலம் தேயிலைக்கு மாறி, உறவுகளுக்குள் பணம் நுழையும் வரை போகும். சுத்தமான குடும்ப வரலாறு என்று கேட்பவருக்கு அவருடைய நாவல்களில் இதுதான். கூட்டுக்குடும்பத்து மருமகளின் மனசு வேண்டுமென்றால் ஆரம்ப கால 'பெண் குரல்'. கீழத்தஞ்சை விவசாயக் கூலிகள் என்றால் 'சேற்றில் மனிதர்கள்'. விவசாயக் கூலிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்' தனி வகை. சாகித்திய அகாதெமி விருது 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குக் கிடைத்தது. ஆனால் விருது பெற்றது என்பதற்காக அதில் தொடங்க வேண்டாம், காந்தியம் பற்றிய விவாதம் அதில் அதிகம்.

இன்னொரு பெரிய அனுகூலம்: 2009இல், அவர் உயிரோடு இருந்தபோதே, அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. அதனால் பல நாவல்களை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், அச்சிலும் பல பதிப்பகங்கள் போடுகின்றன. இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத செலவு. யார் வேண்டுமானாலும் போடலாம் என்றானதும் சிலர் மெய்ப்புப் பார்க்காமலே போட்டுவிடுகிறார்கள். எழுத்துப்பிழை மலிந்த பதிப்பு கையில் வந்தால் நல்ல நாவலே கசந்துவிடும். வாங்குமுன் நடுவில் நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள். பத்தி பிரிக்காமல், மேற்கோள் குறி தொலைந்து, ஒரு பக்கத்தில் மூன்று பிழை கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள்.

தமிழ்ச்செல்வியிடம் இவ்வளவு நீண்ட பட்டியல் இல்லை, ஆனால் சறுக்கல் குறைவு. 'கீதாரி' ஆட்டுக்கிடை போடும் இடையர் வாழ்க்கை. மனநிலை பிறழ்ந்த ஒரு பெண் பெற்றுப்போட்ட இரட்டைப் பெண்குழந்தைகளில் ஒருத்தியான கரிச்சாவை ராமு கீதாரி வளர்க்கிறார். ரத்த உறவு இல்லாத குடும்பம் எப்படிக் குடும்பமாகிறது, எந்த இடத்தில் அது போதாமல் போகிறது என்று காட்டும் நாவல். 'கற்றாழை' நாவலில் மணிமேகலை என்ற பெண் கெட்டுப்போன கல்யாணத்திலிருந்து நடந்து திருப்பூர் வரை வருகிறாள். 'ஆறுகாட்டுத்துறை' கடலோரம். எல்லாவற்றிலும் பெண்தான் வீட்டைத் தூக்கி நிறுத்துகிறாள், ஆனால் எழுத்தாளர் அதற்காக அவளுக்கு மாலை போடுவதில்லை.

குறை? சிரிப்பு குறைவு. ஒரு துன்பம் முடிந்து மூச்சுவிடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். தூக்க அளவுகோலில் இவருக்கு மதிப்பெண் கம்மி. கடைமடைப் பகுதிப் பேச்சு முதல் நாற்பது பக்கம் கொஞ்சம் இழுக்கும், அப்புறம் பழகிவிடும். எல்லாக் கடையிலும் எல்லா நாவலும் இருக்காது. கடைக்காரரிடம் சொல்லி வரவழைக்கும் பொறுமை வேண்டும்.

## அம்பை

குடும்பக் கதை பட்டியலில் சிறுகதைக்காரரை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்ற ஒரு கதை போதும், காரணம் புரிய. ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். வெளிச்சமில்லாத சமையலறை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். வீட்டுக்கு மருமகளாக வந்தவள் சமையலறையை ஒட்டி ஒரு சின்ன மாற்றம் செய்யலாமே என்கிறாள். பெரியவர் சண்டை போடவில்லை. கொஞ்ச நாளில் அங்கே துணி காயப்போடக் கயிறு கட்டப்படுகிறது. மலை துணிக்குப் பின்னால் போய்விடுகிறது. அதிகாரம் என்பது ஒரு வீட்டுக்குள் எப்படிச் சத்தமே இல்லாமல் நடமாடும் என்பதை ஐந்நூறு பக்க நாவல்கள் சில, இந்தக் கயிறு அளவுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது புத்தகம் பற்றிக் கவலையே வேண்டாம். 'சிறகுகள் முறியும்', 'காட்டில் ஒரு மான்', 2021இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' என்று ஒவ்வொரு தொகுப்பும் முந்தையதிலிருந்து நகர்ந்திருக்கிறது. துப்பறியும் கதைகளும் எழுதியிருக்கிறார். 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' படித்துப்பாருங்கள், மும்பைக் குடும்பங்களின் ரகசியங்கள்தான் அங்கே வழக்கு.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒரு குடும்பத்தோடு பல நாள் குடியிருக்க வேண்டும், பாத்திரங்களைப் பிரிய மனமில்லாமல் கடைசிப் பக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஆசைப்படுபவருக்குச் சிறுகதை அந்தச் சுகத்தைத் தராது. அப்புறம், அம்பையைப் பரிசாகக் கொடுப்பது பாதுகாப்பான காரியம் இல்லை. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு மாமியார் வீட்டு முகவரியில் இந்தப் புத்தகத்தை அனுப்பினால், அனுப்பியவர் ஏதோ சொல்ல வருகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சில சமயம் அதுதான் நோக்கம் என்றால் சரி.

## சல்மா

'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. ஒரு சிற்றூர், ஒரு தெரு, அதில் ஒன்றோடொன்று பின்னிய தமிழ் முஸ்லிம் குடும்பங்கள். சிறுமி ராபியா கண்ணில் படும் உலகமும், பெரிய பெண்கள் கதவுக்குப் பின்னால் பேசும் உலகமும் மாறி மாறி வரும். ரஹீமா, ஜொஹ்ரா, வஹிதா, கல்யாணமான கையோடு 'இவனோடு வாழ மாட்டேன்' என்று திரும்பிவந்துவிட்ட பிர்தவ்ஸ் என்று பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆண்கள் இருக்கிறார்கள், வெளியே. வீட்டுக்குள் நடக்கும் பேச்சு, கேலி, பச்சையான சிரிப்பு, பொறாமை, கைமாற்று, நோன்பு மாதத்துப் பரபரப்பு எல்லாம் பெண்களுடையது.

ஆறு பேரில் 'பெரிய குடும்பக் கதை' என்ற சொல்லின் முழு அளவுக்கும் நிற்பது இந்த நாவல்தான். ஒரு கதாநாயகி கிடையாது. தெருவே நாயகி. துக்கம் நிறைய இருந்தாலும் தமிழ்ச்செல்வியிடம் கிடைக்காத சிரிப்பு இதில் உண்டு.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். யார் யாருக்கு அக்கா, யார் யாருடைய கொழுந்தன் என்று முதல் நூறு பக்கம் திணறும். பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு வம்சப்படம் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 'அத்தா' (அப்பா), 'மவுத்து' (சாவு) போன்ற சொற்கள் அந்தச் சமூகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குப் புதிதாக இருக்கலாம், சூழலிலேயே பொருள் விளங்கிவிடும். உடலைப் பற்றிய பேச்சு மறைப்பில்லாமல் வரும். கோயில், பூஜை, தொடர்கதை என்று பழகிய மூத்த வாசகிக்கு யோசித்துத்தான் தர வேண்டும். இப்படிச் சொன்னாலும், அந்த வயதுப் பெண்மணிகள்தான் இதை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டு 'எங்க தெருவிலயும் இப்படித்தான்' என்பார்கள்.

இரண்டாவது புத்தகமாக 'மனாமியங்கள்' இருக்கிறது. நாவல் பட்டியல் நீளமானதில்லை, சீக்கிரமே கவிதைக்குப் போக வேண்டியிருக்கும். அரசியலில் இறங்கி, பேரூராட்சித் தலைவராக இருந்து, 2025இல் மாநிலங்களவை உறுப்பினரும் ஆகிவிட்டவர். எழுதுவதற்கு நேரம் கிடைக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| எழுத்தாளர் | குடும்பம் எவ்வளவு | மொழி | முதலில் | அடுத்து | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| ரமணிசந்திரன் | பின்னணியில் | மிக எளிமை | எதுவானாலும் | எதுவானாலும் | ஒரே வார்ப்பு |
| சிவசங்கரி | மூன்று தலைமுறை | எளிமை, அக்கிரகாரப் பேச்சு | பாலங்கள் | சூர்ய வம்சம் | அறிவுரை |
| ராஜம் கிருஷ்ணன் | தலைமுறையும் தொழிலும் | நடுத்தரம், ஊருக்கு ஊர் மாறும் | குறிஞ்சித் தேன் | கரிப்பு மணிகள் | பிழை மலிந்த பதிப்புகள் |
| சு. தமிழ்ச்செல்வி | தாயும் மகள்களும் | கடைமடை வழக்கு | அளம் | கீதாரி | ஓயாத துயரம், தேடி வாங்க வேண்டும் |
| அம்பை | சில பக்கங்களில் முழுக் குடும்பம் | செறிவு | வீட்டின் மூலையில் ஒரு சமையலறை | காட்டில் ஒரு மான் | நாவல் சுகம் இல்லை |
| சல்மா | தெரு முழுக்க | தமிழ் முஸ்லிம் வழக்கு | இரண்டாம் ஜாமங்களின் கதை | மனாமியங்கள் | பெயர்க் குழப்பம், சிறிய பட்டியல் |

## சேர்க்காதவர்கள்

அனுராதா ரமணனை விட்டது பலருக்குக் கோபம் வரும். 'சிறை' மாதிரி ஒரு சிறுகதை எழுதியவரை விடலாமா என்பார்கள். நியாயம்தான். ஆனால் அவருடைய நல்லதும் சுமாரானதும் கலந்தே கிடக்கின்றன, ஜாமீன் போடப் பயமாக இருக்கிறது. டாக்டர் லட்சுமி, 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984இல் அகாதெமி விருது பெற்றவர், சிவசங்கரிக்கு முந்தைய தலைமுறை வாசகிகளின் ராணி. இன்றைய வாசகிக்கு அந்தக் கண்ணீரின் அளவு கொஞ்சம் அதிகமாகப் படலாம். வாஸந்தியின் பரப்பு பெரியது, ஆனால் அவரை அரசியலோடு சேர்த்துப் படித்தால்தான் ருசி. பாமாவின் 'சங்கதி' ஒரு குடும்பத்தைச் சொல்லவில்லை, ஒரு சேரியின் பெண்கள் அத்தனை பேரையும் சொல்கிறது. வெள்ளையம்மா பாட்டியின் குரலுக்காக மட்டுமே அதைத் தனியாகப் படிக்கலாம். உமா மகேஸ்வரியின் 'யாரும் யாருடனும் இல்லை' கூட்டுக்குடும்ப வீட்டின் நாவல்களில் முக்கியமானது, மெதுவாகப் படிப்பவர்களுக்கு.

## அப்படியானால் யாரை?

ஆளைப் பொறுத்துச் சொல்கிறேன். தமிழ் வாசிப்பு துருப்பிடித்திருந்தால் ரமணிசந்திரனில் இரண்டு, பிறகு 'பாலங்கள்'. ஓய்வுபெற்ற, நேரம் உள்ள, ஊர் சுற்றிப் பார்க்க ஆசையுள்ள அம்மாவுக்கு ராஜம் கிருஷ்ணன். அவரிடம் இரண்டு மூன்று வருஷத்துக்குச் சரக்கு இருக்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ரயிலில் இருபது நிமிஷம்தான் கிடைக்கிறது என்பவருக்கு அம்பை. வாசகர் வட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து படித்து வாக்குவாதம் செய்ய ஒரு நாவல் வேண்டுமென்றால் தயங்காமல் சல்மா. பிர்தவ்ஸ் பற்றி மட்டுமே ஒரு மாலை ஓடிவிடும்.

என்னிடம் ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஒரே பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சு. தமிழ்ச்செல்வி என்பேன். பட்டியலில் அதிகம் பேசப்படாத பெயர் என்பதால் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. எத்தனையாவது புத்தகத்தை எடுத்தாலும் தரம் அதிகம் இறங்காத சமகால எழுத்தாளர் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவருடைய பெண்கள் வாசகியிடம் எதையும் கேட்பதில்லை, அனுதாபம்கூட. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்திருந்தால், அல்லது பெண்ணுக்கு வரன் தள்ளிப்போய் மனசு நொந்திருந்தால், 'அளம்' இப்போதைக்கு வேண்டாம். அந்த வீட்டுக்குச் சிவசங்கரியைக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கட்டும்.

'அளம்' கிடைக்கவில்லை என்று கடைக்காரர் கையை விரித்தால் 'கீதாரி' கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' எங்காவது ஒரு மூலையில் இருக்கும், நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.